ஜுரக்கோடாலிக்குக் கையெழுத்துப் போடாதவர்

எங்கள் மருந்துக் கம்பெனியில் "தெரியாது" என்று சொல்வதற்கென்றே ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தோம். கேலிக்காகச் சொல்லவில்லை. அந்த வருஷங்களில் என் தலைமுடி கொட்டியதற்கு அவர்தான் காரணம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். நான் மறுத்ததில்லை.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உத்தமபாளையத்தில் என் அக்காவைக் கட்டிய மச்சானுக்கு ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்று இருந்தது. யுத்தம் வந்து கப்பல் போக்குவரத்து நின்றதும் ஏலக்காய் வியாபாரம் படுத்துவிட்டது. மச்சான் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. கிட்டங்கியில் பாதியைத் தட்டி வைத்து மறைத்து, செம்பு அண்டாக்களும் திரவம் வடிக்கிற வாலை ஒன்றும் வாங்கிப் போட்டு, மருந்து காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். ஓமத் திரவம், இருமல் மருந்து, தலைவலித் தைலம். நான்தான் மானேஜர். கணக்கு எழுதுவது, பாட்டில் கழுவ வரும் பெண்களிடம் சத்தம் போடுவது, பார்சலுக்குச் சணல் கட்டுவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மானேஜர் வேலை.

மச்சானுக்கு ஓர் ஆசை இருந்தது. லேபிளில் "விஞ்ஞான ஆலோசகர்களின் மேற்பார்வையில் தயாரிக்கப்பட்டது" என்று போட வேண்டும். ஆலோசகர் என்று ஒருமையில் போட்டால் எடுப்பாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அதனால் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

முதலாமவர் மதுரையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர். மாதத்துக்கு ஒருமுறை, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து ஓடிய பஸ்ஸில் வந்து இறங்குவார். அக்கா ஆக்கிப் போட்ட பிரியாணியைச் சாப்பிடுவார். எந்த மருந்தை நீட்டினாலும் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "பேஷ், முதல் தரம்" என்பார். நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாமவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிய வருஷம் அது. ஏதோ ஒரு காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றிருந்த அவர், அனுமந்தன்பட்டியில் இருந்த தன் தமக்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைக் குழந்தைபோலக் கட்டிக்கொண்டு வந்தாராம். உள்ளே இருந்தது மைக்ராஸ்கோப். இந்தச் செய்தி காதில் விழுந்த மறுநாளே மச்சான் வில்வண்டி கட்டிக்கொண்டு போய் ஆளைக் கூட்டி வந்துவிட்டார்.

ஒல்லியான உடம்பு. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட கோட்டு. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கண்ணை மூடிக்கொள்வார். மண்டைக்குள்ளே ஒவ்வோர் அறையாகத் திறந்து, பதில் எங்கேயாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதுபோல இருக்கும். அப்புறம் கண்ணைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார்.

முதல் நாள் மச்சான் ஓமத் திரவத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்.

"எப்புடி இருக்குங்கய்யா?"

"ஓம வாசனை வருது."

"வயித்து வலிக்குக் கேக்கும்ல?"

கண்ணை மூடினார். திறந்தார். "தெரியாது" என்றார்.

மச்சான் கடகடவென்று சிரித்தார். "பாத்தியா மாப்ளே, பெரிய படிப்பு படிச்சவுக இப்புடித்தான் தன்னடக்கமாப் பேசுவாக" என்று என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தன்னடக்கம் இல்லை, அந்த மனிதருக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் சொல்ல வரும் என்பது புரிவதற்குள் அவருக்குச் சம்பளம் பேசி முடித்துவிட்டோம்.

ஒருநாள் பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர் வந்தார். ஓமத் திரவம் ஒரு பெட்டி எடுத்துக் கட்டியாகிவிட்டது. போகிற போக்கில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்து, "பிள்ளைக வயித்து வலிக்கு நல்லாக் கேக்கும்லய்யா?" என்று கேட்டு வைத்தார். என் வயிற்றில் அப்போதே வலி எடுத்துவிட்டது.

"பிள்ளைகளுக்கு வயித்து வலி தானாகவே போறதும் உண்டு. இதைக் குடிச்சதாலே போச்சா, தானாப் போச்சான்னு எனக்குத் தெரியாது."

கடைக்காரர் கட்டிய பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். "அப்ப தானாவே போகட்டும் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அன்றைக்கு நான் அவர்முன் போய் நின்று, "சார், உங்களை யாராச்சும் ஏதாச்சும் கேட்டா என்கிட்ட கேக்கச் சொல்லுங்க" என்றேன். "நீங்க என்ன சொல்வீங்க?" என்று ஆவலாகக் கேட்டார். "கேக்கும்னு சொல்லுவேன் சார்." "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார். கிண்டல் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தால் குறித்துக்கொள்ளலாம் என்று நிஜமாகவே காத்திருந்தார். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அக்கா மட்டும் என்ன, அவளும்தான் பட்டாள். மதியச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். "உப்பு ஒறப்பு சரியா இருக்காய்யா?" என்று கேட்டால், "எனக்குச் சரியா இருக்கும்மா. மத்தவங்களுக்கு எப்படியோ, தெரியாது" என்பார். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா இந்த மனுசனுக்கு நாக்கு வெந்தா போகும்?" என்று அக்கா அடுப்படிக்குள் போய்ப் பொரிந்து தள்ளுவாள். ஆனாலும் மறுநாள் கறித்துண்டில் நல்லதாகப் பார்த்து அவர் தட்டில்தான் வைப்பாள். ஏன் என்று கேட்டால், "பாவம், அவுக பொய் சொல்லத் தெரியாம வளந்துட்டாக" என்பாள்.

அவர் தயக்கமெல்லாம் பின்னால் சரிதான் என்று ஆனதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மார்கழியில் இருமல் மருந்து பாட்டிலின் அடியில் ஏதோ படிந்தது. ஊரெல்லாம் இருமிக்கொண்டிருக்கிறது, கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் சரக்கு கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இவர் ஒரு பாட்டிலைக்கூட வெளியே விட மாட்டேன் என்றார். "கெடுதலான படிவா சார்?" "தெரியாது." வடிகட்டினார், காய்ச்சினார், ஆறவைத்தார், மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகக் குனிந்து கிடந்தார். மதுரைக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஊர்க் கடைகளிலெல்லாம் அவர்கள் சரக்கை இறக்கி விற்றுத் தீர்த்தார்கள். பங்குனி வெயில் சுள்ளென்று அடிக்கிற ஒரு நாளில், ஊரில் ஒருவர்கூட இருமாத நேரம், ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதிமதுரத்தோட கசடு! வெறும் கசடு! ஒரு கெடுதலும் இல்லை!"

பரீட்சையில் தேறிய பையனைப்போல அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். நான் அவரைப் பார்த்தேன், அடுக்கிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தேன். வாய்க்கால் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் இப்படி ஆனதற்குப் பின்னால் ஏதாவது கதை இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். எப்போதோ ஏதோ ஒன்றைத் தெரியும் என்று சொல்லி, யாருக்கோ தீங்கு வந்து, அதிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டிருப்பாரோ? அவர் தமக்கையிடமே கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கதையும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல தம்பி. நாலு வயசுலயே இவன் இப்புடித்தான். கோழி முட்டைக்குள்ள குஞ்சு இருக்குமாடான்னு கேட்டா, உடைக்காமச் சொல்ல முடியாதும்பான்."

கொய்னா மரம் விளைகிற சாவாத் தீவு ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து, மலைக்காய்ச்சலுக்கு இருந்த ஒரே மருந்தான கொய்னா வருவது நின்றிருந்தது. மலைக்காய்ச்சல் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் மழை ஓய்ந்தால் காய்ச்சல் தொடங்கும். பகல் முழுக்க நன்றாக இருக்கிற ஆள் சாயங்காலம் இருக்கிற கம்பளியை எல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு பல் கிட்டி நடுங்குவான். இருந்த கொஞ்சநஞ்சக் கொய்னாவும் சர்க்கார் ஆஸ்பத்திரியில்தான். அதற்கும் நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். கடைகளில் பணத்தைக் கொட்டினாலும் கிடைக்காது.

மச்சான் நிலவேம்பு, ஏழிலைப்பாலைப் பட்டை, சுக்கு எல்லாவற்றையும் போட்டு ஒரு கசப்பு டானிக் காய்ச்சினார். அதில் வியாபாரமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. "ஜுரக்கோடாலி" என்று பேர் வைத்தார். லேபிளில் சிவப்பு மையில் ஒரு கோடாலி. அதற்குக் கீழே, "மலைக்காய்ச்சலை வேரோடு வெட்டும்."

அச்சான லேபிளை ஜன்னலோரத்து ஆலோசகர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"எந்த வேரை?" என்று கேட்டார்.

அன்றைக்குத் தொடங்கியது ரகளை. தெருவில் காய்ச்சல் கண்டவர்களைக் கூப்பிட்டு டானிக்கைக் குடிக்கக் கொடுத்தார். விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவி, காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார். குடித்தவர்களில் சிலருக்குக் காய்ச்சல் இறங்கியது, சிலருக்கு இறங்கவில்லை. குடிக்காதவர்களையும் பார்த்தார். அவர்களிலும் சிலருக்கு இறங்கியது, சிலருக்கு இல்லை.

"குடிச்சவுகளுக்குக் கொஞ்சமாச்சும் கேட்ருக்குல்லய்யா?" என்று மச்சான் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"தெரியாது, ராவுத்தர். எனக்கு இன்னும் நாள் வேணும்."

"நாள் குடுக்கலாம். காய்ச்சக்காரன் குடுப்பானா?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "சார், கொய்னாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணுமில்லாத எடத்துல இது இருந்துட்டுப் போகட்டுமே. குடிச்சா கெடுதல் வருமா?"

"குடிச்சா வராது" என்றார். "இதை நம்பினா வரலாம். கையிலே மருந்து இருக்குன்னு நினைக்கிறவன் ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரமாட்டான். கசப்பு டானிக்னு மட்டும் போடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். கோடாலிக்குப் போடமாட்டேன்."

அந்தச் சமயம் பார்த்து, கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்திலிருந்து, கூலியாட்களுக்குக் கொடுக்க ஜுரக்கோடாலியை மொத்தமாகக் கேட்டு வந்தார்கள். ஆலோசகர் கையெழுத்தோடு அனுப்பச் சொல்லியிருந்தார் தோட்ட மானேஜர். கம்பெனி தலை நிமிர இதைவிட்டால் வேறு வழி கிடையாது. மதுரை டாக்டர் வந்தார், சாப்பிட்டார், "பேஷ்" என்றார், கையெழுத்துப் போட்டார். பெட்டிகளைப் பொதிக்கழுதைகளில் ஏற்றி அனுப்பினோம். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக மனிதர் அடங்கிவிட்டார் என்று நான் அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த வாரம் ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால், "மேல தோட்டத்துக்குப் போறேன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனானே, உங்ககிட்ட சொல்லலையா?" என்கிறார் தமக்கை.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏலே மாப்ளே, ஓடு. அங்கன போயி தோட்டத்து மானேசர்கிட்ட தெரியாதுன்னு சொல்லிப்புட்டாருன்னா நாம எல்லாரும் தெருவுலதான் நிக்கணும். கையக் காலப் புடிச்சாச்சும் ஆளக் கூட்டியா."

ஐப்பசி மழை. கம்பத்திலிருந்து மேலே ஏறுகிற பாதை சேறாகக் குழைந்து கிடந்தது. ஓரடி ஏறினால் அரையடி சறுக்கியது. அட்டைகள் காலில் ஏறி ரத்தம் குடித்தன. அந்த வயதில் ஒரு மனிதர் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த வழியிலா ஏறினார் என்று நினைக்க நினைக்க எனக்குக் கோபம்தான் வந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தின் வாசலில், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே அவரைக் கண்டேன். எங்கள் டானிக் வந்த பெட்டியையே கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மைக்ராஸ்கோப்பை வைத்துக் குனிந்திருந்தார். எதிரே ஜனங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"சார், போதும் வாங்க" என்றேன்.

"நல்ல நேரத்துலே வந்தீங்க. இந்தக் குடையை இப்படிப் பிடிங்க. கண்ணாடியிலே தண்ணி தெறிக்குது" என்றார்.

பிடித்தேன். வேறென்ன செய்வது?

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் வந்தான். பேர் வீரணன். தேவாரம் பக்கத்துக்காரன். "ஐயா, எங்க வீட்டுலயும் ஒருக்காப் பாருங்க. எந்திரிக்க முடியாமக் கெடக்கா" என்றான்.

லயத்தின் கடைசி அறை. அவன் மனைவி பொன்னுத்தாய் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி என்று வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது. உடம்பு தீயாய்க் கொதித்தது. ஆள் யாரென்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமாட்டில் எங்கள் பாட்டில், சிவப்புக் கோடாலியோடு.

"எத்தனை நாளா இப்படி?"

"போன வாரத்துலருந்துங்கய்யா. மருந்து தவறாமக் குடுக்குறேன். ஒருவேளை தப்பல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டான்னு கங்காணியக் கேட்டேன். கோடாலி மருந்தே வந்திருச்சு, இனி எதுக்குடா அம்புட்டுத் தூரம்னு சொன்னாரு." பெருமையும் கவலையுமாக அவன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான்.

அவர் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவள் விரலைத் துடைத்துக் குத்தி, ஒரு சொட்டு எடுத்துக்கொண்டுபோய்ப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"கீழே இறக்கணும். இப்பவே."

அவர் கட்டளை போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். கம்பளியில் மூங்கிலைக் கோத்து டோலி கட்டினோம். நாலு ஆட்கள் தூக்கினார்கள். அந்த மழையில், அந்தச் சரிவில், அவர் விழுந்து எழுந்து டோலியோடு ஓடி வந்தார். முழங்கால் கிழிந்து வேட்டியெல்லாம் ரத்தம். மைக்ராஸ்கோப் பெட்டியை நான் சுமந்தேன். அப்போதும் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன், ஆனால் வாய்க்குள்ளே.

கம்பத்து ஆஸ்பத்திரியில் கொய்னா கொடுத்தார்கள். மறுநாள் குழந்தை பிறந்தது. உயிர் இல்லை. பெண் குழந்தை. பொன்னுத்தாய் ஒரு வாரம் இழுத்துக்கொண்டு கிடந்து பிழைத்தாள்.

அவளை டோலியிலேயே லயத்துக்கு அனுப்பிவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது மச்சானுக்குச் செய்தி முன்னாலேயே வந்திருந்தது. கிட்டங்கியில் ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அக்காவுக்கும் பிறந்து தங்காத பிள்ளைகள் உண்டு.

"ஐயா" என்றார் மச்சான். "அந்தப் பிள்ள போனதுக்கு நம்ம மருந்துதான் காரணமா?"

அவர் கண்ணை மூடினார். யா அல்லா, இன்றைக்கு ஒருநாளாவது இந்த மனிதர் வேறு ஏதாவது சொல்லட்டும் என்று நின்றேன்.

"தெரியாது, ராவுத்தர்."

"ஐயா..."

"முதல் நாளே இறக்கி, கொய்னா குடுத்திருந்தா குழந்தை தங்கியிருக்கலாம். குடுத்தும் போயிருக்கலாம். இந்தக் காய்ச்சல்லே ரெண்டும் நடக்கும்."

"இல்லன்னாச்சும் சொல்லுங்களேன்யா."

"சொல்ல முடியலை."

"அப்ப ஆமான்னாச்சும் சொல்லித் தொலைங்க! நீதாண்டா பாவின்னு எம் மூஞ்சில காறித் துப்புங்க! எதையாச்சும் ஒண்ணச் சொல்லுங்கய்யா!" மச்சான் எழுந்து நின்று கத்தினார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா?" என்றார் அவர். அவர் கண்ணிலும் தண்ணீர்தான். ஆனாலும் சொல்லவில்லை.

அந்த நிமிஷம் அவரை அடித்தே போட்டிருப்பேன். ஒரு மனிதன் முன்னால் நின்று அழுகிறான். ஆறுதலோ தண்டனையோ, கேட்பது ஒரு வார்த்தைதான். அதைக்கூடக் கொடுக்காத படிப்பு என்ன படிப்பு? கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இவர் வாயிலிருந்து ஒரு முடிவை உரிக்க முடியாது.

மச்சான் தொழுகைக்குப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் பள்ளிவாசலிலிருந்து வந்தார். முகம் கழுவினதுபோலத் தெளிந்திருந்தது.

"மாப்ளே, கழுதைக்காரனுக்குச் சொல்லி விடு. நாளைக்கு நான் மேல போறேன். ஒரு பாட்டில் விடாம இறக்கணும்."

"தோட்டத்துல ஏன்னு கேட்டா?"

"காய்ச்சலுக்குக் கேக்காதுன்னு சொல்லுவேன்."

ஜன்னலோரமிருந்து குரல் வந்தது. "கேக்காதுன்னும் நமக்கு இன்னும் திட்டமாத் தெரி..."

"ஐயா!" என்றார் மச்சான். "வாய மூடுங்க."

அவர் மூடிக்கொண்டார். அப்புறம் எழுந்து வந்து, "நானும் வரேன்" என்றார்.

இரண்டு பேருமாகப் போனார்கள். லயம் லயமாக, கதவு கதவாகப் போய் மச்சான் சொன்னாராம்: "இது காய்ச்ச மருந்தில்ல. நான் தப்பா எழுதிப்புட்டேன். காய்ச்ச கண்டா கீழ இறங்குங்க." பொன்னுத்தாய் எழுந்து உட்காருகிற அளவுக்குத் தேறியிருந்தாள். பாட்டிலை அவளே எடுத்துக் கொடுத்தாளாம். "கொஞ்சம் மிச்சம் இருக்குங்கய்யா" என்றாளாம். மச்சான் இதைச் சொல்லும்போதெல்லாம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவார்.

தோட்ட மானேஜர் எங்களை வாயில் வந்தபடி பேசி அனுப்பினார். மதுரை டாக்டர், தன் பேர் கெடுகிறது என்று வருவதை நிறுத்திக்கொண்டார். லேபிளில் ஆலோசகர்கள் என்பதில் "கள்" அடிபட்டது. ஓமத் திரவத்தின் லேபிளை இவர் திருத்தி எழுதினார்: "சிலருக்கு வயிற்றுக்கு இதமாக இருக்கலாம்." இதை அச்சடிக்கக் கொடுக்கும்போது அச்சாபீஸ்காரர், இப்படியும் யாராவது விளம்பரம் செய்வார்களா என்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆச்சரியம், கொஞ்சம் விற்கவே செய்தது. கம்பெனி வளரவும் இல்லை, சாகவும் இல்லை.

அதோடு விட்டாரா? ஆஸ்பத்திரி டாக்டரைப் போய்ப் பார்த்து, நச்சரித்து, மன்றாடி, ரத்தத்தில் காய்ச்சல் கிருமி இருக்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பதென்று கணக்குச் சொல்லி, கொய்னாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மேலே கொண்டுபோகிற ஏற்பாட்டைச் செய்தார். கழுதை வாடகை மச்சானுடையது. கூடப் போகிற வேலை என்னுடையது. யுத்தம் முடிந்து அவர் மெட்ராஸ் திரும்புகிற வரைக்கும், மருந்துக் கம்பெனி மானேஜராகிய நான், எங்கள் கம்பெனி தயாரிக்காத மருந்தைச் சுமந்துகொண்டு அட்டைக்கடியில் மலை ஏறினேன். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று சொல்வேன்.

லயத்து ஜனங்கள் அவரிடம் நன்றாகப் பழகிவிட்டார்கள். சிரிப்பார்கள், வேர்க்கடலை அவித்துக் கொடுப்பார்கள். பொன்னுத்தாய்கூட ஒன்றிரண்டு வார்த்தை பேசுவாள். வீரணன் மட்டும் கடைசிவரை எங்களிடம் பேசவில்லை. தன் முறை வந்ததும் விரலை நீட்டுவான். முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வான். அவர் அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, விரல் சூடாகும்வரை தேய்த்துக்கொடுத்து, அப்புறம்தான் ஊசியைக் கையில் எடுப்பார்.